இறங்கும் விமானங்களுக்கு நடுவே இவ்வளவு இடம் எதற்கு?

#1 ஈசூன்வாசி

சாங்கி விமான நிலையத்தில் இறங்கும் விமானங்களை எவ்வளவு தள்ளித் தள்ளி அனுப்புகிறார்கள், அதை யார் தீர்மானிக்கிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

போன வாரம் திருச்சியிலிருந்து காலை விமானத்தில் வந்தேன். அங்கேயே கதவை அடைத்துவிட்டு அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்தார்கள். சிங்கப்பூர் கொடுத்த நேரம் வரும்வரை கிளம்ப முடியாது என்றார் கேப்டன். சரி, ஒரு வழியாகப் புறப்பட்டு வந்தாயிற்று. இங்கே வந்ததும் கடல் மேல் வட்டமடிக்க ஆரம்பித்துவிட்டது. பக்கத்து இருக்கைப் பாட்டி, "ஏன் தம்பி, இவங்களுக்கு வழி தெரியலையா?" என்று கேட்டே விட்டார்.

இறங்குவதற்குச் சற்று முன் விமானம் திரும்பியபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்களுக்கு முன்னால் போகிற விமானம் எங்கோ தூரத்தில் தெரிந்தது. நடுவில் அவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது. இரண்டு ஓடுபாதை இருக்கிறது, வானத்தில் மேகமும் இல்லை. இன்னும் கொஞ்சம் நெருக்கி விட்டால் என்ன கெட்டுப்போகும்?

#2 தெம்பனிஸ்_மாமா

தம்பி, பிஐஇ விரைவுச்சாலையில் காலை எட்டு மணிக்கு நம்ம ஆட்கள் ஓட்டுகிற மாதிரி விமானத்தையும் ஓட்டச் சொல்கிறீர்களா? முன்னால் போகிற லாரியின் நம்பர் பிளேட்டில் மூக்கை உரசிக்கொண்டு? இரண்டு வினாடி இடைவெளி விடு என்று ஓட்டுநர் பள்ளியில் சொல்லித்தானே கொடுத்தார்கள், யார் விடுகிறார்கள். வானத்தில் விடுகிறார்கள் போல.

#3 கடல்மைல்

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வேலையில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த விமான நிலையம், எந்த மேசை என்பது இங்கே வேண்டாம். பொதுவாகச் சொல்கிறேன்.

மாமாவின் பிஐஇ கணக்கு வானத்தில் ஓடாது. காரில் முன்னால் போகிறவர் பிரேக் போட்டால் நாமும் போடலாம், தேவைப்பட்டால் நின்றேவிடலாம். விமானத்துக்கு நிற்கும் வசதி கிடையாது. ஏ320 இறங்க வரும்போது அதன் வேகம் 135, 140 நாட், அதாவது மணிக்கு அத்தனை கடல் மைல். வினாடிக்கு 70 மீட்டர். அதற்குக் கீழே வேகம் குறையக் குறைய இறக்கை தூக்கிப் பிடிக்காது. ஆக, முன்னால் ஏதாவது ஆனால் பின்னால் வருகிறவருக்கு இருக்கும் வழி ஒன்றுதான்: மேலே ஏறிப் போய்விடுவது.

எவ்வளவு இடைவெளி என்பதை மூன்று விஷயம் முடிவு செய்கிறது.

முதலாவது ரேடார். விமான நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதியில் ஒரே உயரத்தில் பறக்கும் இரண்டு விமானங்களுக்கு நடுவே குறைந்தது 3 கடல் மைல், கிட்டத்தட்ட ஐந்தரை கிலோமீட்டர், இருக்க வேண்டும். ஓடுபாதைக்கு நேராகக் கடைசி 10 மைலில் சில நிபந்தனைகளோடு இரண்டரை மைல் வரை விடும் இடங்களும் உண்டு. இவ்வளவு எதற்கு என்றால், ரேடார் ஆன்டெனா ஒரு சுற்று சுற்றிவர ஏறக்குறைய நான்கைந்து வினாடி ஆகும். திரையில் புள்ளி நகர்வதற்குள் விமானம் 300 மீட்டர் போயிருக்கும். நான் பேசி, விமானி கேட்டு, திருப்பிச் சொல்லி, விமானம் திரும்பத் தொடங்க இன்னும் சில வினாடி.

இரண்டாவது, ஓடுபாதை. முன்னால் இறங்கியவர் வேகம் குறைத்துப் பக்கவாட்டுப் பாதையில் விலகிப் போக ஏறக்குறைய 50 வினாடி. அவர் முழுக்க விலகாமல் அடுத்தவருக்கு இறங்க அனுமதி கிடையாது.

மூன்றாவதுதான் பெரிய ஆள்: சுழல்காற்று. நாங்கள் 'வேக்' என்போம். இறக்கைக்கு அடியில் அழுத்தம் அதிகம், மேலே குறைவு. கீழிருக்கும் காற்று இறக்கை நுனியைச் சுற்றி மேலே ஏறப் பார்க்கும். அதனால் ஒவ்வொரு விமானத்துக்குப் பின்னாலும் இரண்டு சுழல்கள், ஒன்று வலம், ஒன்று இடம், நீளமாகக் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது. நிமிடத்துக்குச் சில நூறு அடி வீதம் மெல்லக் கீழே இறங்கும். விமானம் கனமாகவும் மெதுவாகவும் இருந்தால் சுழல் பலமாக இருக்கும். இறங்க வரும் பெரிய விமானம் இரண்டும்தான்.

உலக விதிகளில் விமானங்களை எடை பார்த்துப் பிரித்திருக்கிறார்கள். 7 டன் வரை லைட். 136 டன்னுக்குக் கீழே இருந்தால் மீடியம், ஏ320, 737 எல்லாம் இதில். 136 டன்னும் அதற்கு மேலும் ஹெவி: 777, 787, ஏ350. ஏ380-க்கு மட்டும் சூப்பர் என்று தனி வகுப்பு. மீடியத்துக்குப் பின்னால் மீடியம் வந்தால் சுழலுக்கென்று தனிக் கணக்கு இல்லை, ரேடாரின் 3 மைல் போதும். ஹெவிக்குப் பின்னால் ஹெவி 4 மைல். ஹெவிக்குப் பின்னால் மீடியம் 5 மைல். சூப்பருக்குப் பின்னால் மீடியம் 7 மைல். 2020-க்குப் பிறகு இதை ஏழு வகுப்பாக நுணுக்கிய புதிய பட்டியலும் வந்திருக்கிறது. எந்த நாடு எதைப் பயன்படுத்துகிறது என்பது வேறுபடும். அடிப்படை அதேதான்.

அப்புறம், வானம் தெளிவாக இருந்ததே என்கிறீர்கள். காற்று அடித்தால் சுழல் சீக்கிரம் கலைந்துவிடும். அசைவில்லாத அமைதியான காலையில்தான் அது நெடுநேரம் கிடக்கும்.

#4 ஈசூன்வாசி

நன்றி அண்ணே. அப்படியானால் எங்களுக்கு முன்னால் ஏ380 போயிருக்குமோ? 7 மைல் என்றால் 13 கிலோமீட்டர்! ஈசூனிலிருந்து மரினா பே போகிற தூரம் இருக்குமே. இந்தச் சுழல் உண்மையிலேயே ஒரு விமானத்தைக் கவிழ்த்திருக்கிறதா, இல்லை எச்சரிக்கைக்காகப் போட்ட கணக்கா?

#5 வலப்பக்க_இருக்கை

கவிழ்த்திருக்கிறது. 2017 ஜனவரியில், அரபிக் கடலுக்கு மேலே. மாலத்தீவிலிருந்து ஜெர்மனி போய்க்கொண்டிருந்த சேலஞ்சர் 604 என்ற சிறிய தனியார் ஜெட்டுக்கு நேர் மேலே, 1000 அடி உயரத்தில், எதிர்த்திசையில் ஓர் ஏ380 கடந்து போனது. விதிப்படி சரியான இடைவெளி. கொஞ்ச நேரத்தில் அந்தச் சுழல் கீழே இறங்கி வந்து ஜெட்டைப் பிடித்தது. பலமுறை உருண்டு, ஏறக்குறைய 9000 அடி கீழே விழுந்த பிறகுதான் விமானிகள் அதை நிமிர்த்தினார்கள். மஸ்கட்டில் பத்திரமாக இறக்கினார்கள், ஆனால் அந்த விமானம் அதற்குப் பிறகு பறக்கவே இல்லை. உள்ளே இருந்தவர்களுக்குக் காயம்.

அவர்களுக்குக் கீழே விழ இடம் இருந்தது. இறங்கிக்கொண்டிருக்கும்போது, தரைக்கு மேலே 500 அடியில், அந்த 9000 அடிக்கு எங்கே போவது?

நான் துணை விமானி. பெயர் வைத்ததே அதனால்தான். ஏ380-க்குப் பின்னால் வரும்போது எங்களுக்கும் வயிற்றில் லேசாகப் புளி கரைக்கும். முன்னால் போகிறவரின் பாதையைவிட ஒரு துளி உயரத்தில் இருக்கப் பார்ப்போம், சுழல் கீழேதான் இறங்கும் என்பதால்.

#6 தெம்பனிஸ்_மாமா

ஏ380-ஐ முதன்முதலில் காசு வாங்கிக்கொண்டு பயணிகளோடு பறக்கவிட்டதே நம்ம ஊர்தான். 2007 அக்டோபர் 25, இங்கிருந்து சிட்னி. எங்கள் வீட்டில் பெரிய பேச்சு அப்போது. இப்போது ஈசூன்வாசி தாமதமானதற்கும் நாமே காரணம் ஆகிவிட்டோம்.

#7 கடல்மைல்

அந்த விமானம் சேவைக்கு வருவதற்கு முன்பு, எதற்கும் இருக்கட்டும் என்று அதன் பின்னால் 10 மைல் விடச் சொல்லியிருந்தார்கள் மாமா. பிறகு அளந்து பார்த்து, அளந்து பார்த்துக் குறைத்தார்கள். நெருக்கவே மாட்டேன் என்று யாரும் அடம்பிடிக்கவில்லை. அளக்காமல் நெருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

#8 கோடுநிரல்

எல்லாம் படித்தேன். நான் மென்பொருள் துறை. நீங்கள் சொல்வது முழுக்கக் கூட்டல் கழித்தல். எடை, வேகம், காற்று, தூரம், எல்லாமே எண். இதை ஒரு மனிதர் மைக்கைப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் சொல்லி, இன்னொரு மனிதர் அதைத் திருப்பிச் சொல்லி... 2020-களில் இன்னுமா? கணினியிடம் கொடுத்தால் ஒவ்வொரு விமானத்தையும் விதி சொல்லும் தூரத்தில் துல்லியமாக நிறுத்திவிடுமே. மனிதர்கள் பயத்தில் ஒரு மைல் கூடுதலாக விடுகிறார்கள் என்பது என் சந்தேகம்.

#9 வலப்பக்க_இருக்கை

கூடுதலாக விடுகிறார்களா? எங்கள் பக்கம் வந்து கேளுங்கள், குறைவாக விடுகிறார்கள் என்றுதான் புகார் வரும் :)

"ரெட்யூஸ் ஸ்பீடு ஒன் சிக்ஸ் ஜீரோ நாட்ஸ் அன்டில் ஃபோர் மைல்ஸ்." பல ஊர்களில் தினமும் கேட்கும் வாக்கியம் இது. ஓடுபாதைக்கு 4 மைல் வரை 160 நாட்டில் வா, அதற்குப் பிறகு உன் சொந்த வேகத்துக்குக் குறைத்துக்கொள் என்று பொருள். எல்லோரும் ஒரே வேகத்தில் வந்தால் இடைவெளி மாறாது, கட்டுப்பாட்டாளருக்கு நிம்மதி. எங்களுக்கு என்ன ஆகும் தெரியுமா? 4 மைலில் உயரம் ஏறக்குறைய 1270 அடி. 1000 அடிக்குள் வேகம், சக்கரம், இறக்கையில் விரியும் ஃபிளாப், எல்லாம் சீராகிவிட வேண்டும் என்பது பெரும்பாலான நிறுவனங்களின் விதி. சீராகாவிட்டால் இறங்கக் கூடாது, மேலே போக வேண்டும். அந்த இடைப்பட்ட ஒரு மைலைக் கடக்க 25 வினாடிகூட இல்லை. அதற்குள் இருபது, இருபத்தைந்து நாட் குறைக்க வேண்டும். புதிய விமானங்கள் வழுவழுவென்று காற்றைக் கிழித்துப் போகிற ரகம், வேகம் சட்டென்று குறையாது. முதுகுக் காற்று வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் சில விமானிகள் 5, 6 மைலிலேயே சத்தம் போடாமல் குறைத்துவிடுவார்கள்.

#10 கடல்மைல்

சத்தம் போடாமல் குறைத்துவிடுவார்கள்! இதை வாய்விட்டு ஒப்புக்கொண்ட முதல் விமானி நீங்கள்தான். நாங்கள் திரையில் பார்த்துக்கொண்டுதான் இருப்போம் ஐயா. ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்திலும் விமானத்தின் அழைப்புப் பெயர், உயரம், தரை வேகம், எடை வகுப்புக்கான எழுத்து, எல்லாம் இருக்கும். 160 இருக்க வேண்டிய இடத்தில் 140 என்று மாறினால் பின்னால் வருகிறவரின் இடைவெளி என் கண் முன்னாலேயே கரையும். முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள், அதற்கேற்ப மாற்றிவிடுவோம். சொல்லாமல் செய்வதுதான் வினை.

கோடுநிரலுக்கு: விதிப்படியே பறந்தாலும் கடைசியில் இடைவெளி சுருங்கும். ஒரு கணக்கு போடுங்கள். முன்னவர் 4 மைலில் இருக்கிறார், பின்னவர் 8 மைலில். நடுவில் 4 மைல். இந்த இடத்தில் முன்னவர் 135-க்குக் குறைக்கிறார், பின்னவர் இன்னும் 160-இல் வருகிறார். பின்னவர் தன்னுடைய 4 மைல் புள்ளியை எட்ட 90 வினாடி. அதற்குள் முன்னவர் போயிருப்பது 3.4 மைல்தான். 4 மைலாக இருந்த இடைவெளி 3.4 ஆகிவிட்டது. யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை, ஆனால் 0.6 மைல் போயிற்று. விதி 4 மைல் கேட்டால் அந்தச் சுருக்கத்தையும் சேர்த்து முன்கூட்டியே நாலரைக்கு மேல் விட வேண்டும். நீங்கள் பயம் என்று சொன்ன அந்தக் கூடுதல் இதுதான்.

இன்னொன்று, வரிசை. இரண்டு ஹெவி, இரண்டு மீடியம் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெவி, மீடியம், ஹெவி, மீடியம் என்று மாற்றி மாற்றி விட்டால் நடுவே 5, 3, 5, மொத்தம் 13 மைல். மீடியம் இரண்டையும் முதலில் விட்டு ஹெவி இரண்டையும் பின்னால் விட்டால் 3, 3, 4. மொத்தம் 10 மைல். மிச்சம் 3 மைல், ஒன்றேகால் நிமிடம். அந்த ஒன்றேகால் நிமிடத்தில் இன்னொருவரை உள்ளே விடலாம். ஆனால் முதலில் வந்த ஹெவியை எவ்வளவு நேரம் காக்க வைப்பது? அவர்களும் பதினான்கு மணி நேரம் பறந்து களைத்து வந்தவர்கள். ஓரிரு இடம் மாற்றலாம், அதற்கு மேல் மாற்றினால் நியாயமில்லை. நான் இருந்த இடத்தில் இதற்கெல்லாம் கணினி யோசனை சொல்லும். பாதி நேரம் அதைக் கேட்போம். மீதி நேரம் அதற்குத் தெரியாத ஒன்று எங்களுக்குத் தெரிந்திருக்கும்: முன்னால் ஒரு மேகக் கூட்டம், அதைச் சுற்றிப் போக எல்லோரும் கேட்கப் போகிறார்கள் என்பது மாதிரி.

#11 பாசிர்ரிஸ்_பூமா

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். மகனுக்கு விமானம் என்றால் உயிர். சாங்கி கடற்கரைப் பூங்காவின் கார்ப்பேட்டை ஓரம் நின்றால் தலைக்கு மேலேயே இறங்கும். சக்கரத்தில் இருக்கிற அழுக்குகூடத் தெரியும். பெரிய விமானம் போன பிறகு சில நேரம் ஒரு மாதிரி கிழிபடுகிற சத்தம், துணியைப் பரபரவென்று கிழிப்பது போல, மேலிருந்து வரும். அது இந்தச் சுழல்தானா?

இரண்டு கேள்வி. ஒன்று, சில மாதங்களில் அங்கே போனால் ஒன்றுகூட இறங்காது, எல்லாம் ஈஸ்ட் கோஸ்ட் பக்கமாக வருகிறது. ஏன்? இரண்டு, போன மாதம் ஒன்று தரையைத் தொடப் போகிற நேரத்தில் திடீரென்று உறுமிக்கொண்டு மேலே போய்விட்டது. மகன் குதித்தான், எனக்குக் கைகால் ஆடிப்போய்விட்டது. ஆபத்தா அது?

#12 வலப்பக்க_இருக்கை

அக்கா, அந்தச் சத்தம் சுழல்தான். நல்ல காது உங்களுக்கு.

விமானம் எதிர்க்காற்றில் இறங்க விரும்பும். சாங்கி ஓடுபாதைகள் ஏறக்குறைய வடக்கு தெற்காக, சற்றே சாய்வாகக் கிடக்கின்றன. வடக்கு நோக்கி இறங்கினால் ஓடுபாதைக்குப் பெயர் 02, தெற்கு நோக்கி இறங்கினால் 20. டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று, அதனால் தெற்கே கடல் பக்கமிருந்து வடக்கு நோக்கி இறங்குவோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அப்போது ஜோகூர், புலாவ் உபின் பக்கமிருந்து வந்து உங்கள் கார்ப்பேட்டைக்கு மேலே இறங்குவோம். மகனை ஜூன் விடுமுறையில் அழைத்துப் போங்கள்.

மேலே ஏறிப் போனது கோ-அரவுண்ட். ஆபத்து இல்லை, ஆபத்து வராமல் இருக்கச் செய்வது. முன்னால் இறங்கியவர் ஓடுபாதையை விட்டு விலகத் தாமதித்திருக்கலாம், காற்று திடீரென்று மாறியிருக்கலாம், நான் சொன்ன 1000 அடி விதியில் தேறாமல் இருந்திருக்கலாம். முடிவெடுக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. முழு விசை, மூக்கை உயர்த்து, சக்கரத்தை மடக்கு, அப்புறம்தான் ரேடியோவில் பேச்சு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் இதை எங்களிடம் பிழிந்து எடுப்பார்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வயிற்றைப் புரட்டும் என்பது உண்மை.

#13 கடல்மைல்

எங்களுக்கு கோ-அரவுண்ட் என்றால் புது வேலை. மேலே போனவரை மறுபடி வரிசையில் நுழைக்க ஓர் இடைவெளி வேண்டும். அவருக்காகப் பின்னால் வரும் பத்துப் பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் நீளும். அளவுக்கு மீறி நெருக்கினால் கோ-அரவுண்ட் கூடும், கூடினால் மொத்தத்தில் இறங்குகிற எண்ணிக்கை குறைந்துபோகும்.

#14 கோடுநிரல்

கணினி வேண்டாம் என்பவர்களுக்கு லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தை நினைவுபடுத்துகிறேன். 2015 மார்ச்சிலிருந்து அங்கே தூரத்தை வைத்து அல்ல, நேரத்தை வைத்து இடைவெளி விடுகிறார்கள். அதைக் கணக்கிட்டுத் திரையில் காட்டுவது கணினி.

#15 கடல்மைல்

கணினி வேண்டாம் என்று யார் சொன்னது? ஹீத்ரோ நல்ல உதாரணம், ஏனென்றும் சொல்லிவிடுகிறேன்.

140 நாட்டில் 3 மைல் கடக்க 77 வினாடி. மணிக்கு 46 விமானம் இறக்கலாம், காகிதத்தில். 30 நாட் எதிர்க்காற்று அடித்தால் தரையைப் பொறுத்த வேகம் 110 ஆகிவிடும். அதே 3 மைலைக் கடக்க 98 வினாடி. மணிக்கு 36-தான். ஒன்றும் மாறவில்லை, காற்று மட்டும் அடித்தது, பத்து விமானம் போயிற்று. ஆனால் பலமான காற்றில் சுழல் சீக்கிரமே கலைகிறது, ஆகவே அத்தனை நேரம் விடத் தேவையில்லை. மைலை விட்டுவிட்டு வினாடியைப் பிடித்தால் இழந்ததில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். லண்டனில் காற்றடிக்கும் நாள் அதிகம், அவர்களுக்கு லாபம். நம் ஊரில் ஓடுபாதையில் 30 நாட் காற்று நாளெல்லாம் அடிப்பது அபூர்வம்.

இதில் கணினி செய்வது என்ன? திரையில் ஒரு குறி போடும்: பின்னவர் இதைத் தாண்டி முன்னே வரக் கூடாது என்று. அந்தக் குறிக்குப் பின்னால் விமானத்தைக் கொண்டுவந்து உட்கார வைப்பது மனிதர்தான்.

கருவி எச்சரித்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். 2024 ஜனவரி 2, தோக்கியோ ஹனேடா. முந்தின நாள் நிலநடுக்கம் வந்த பகுதிக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோக இருந்த கடலோரக் காவல்படை விமானம், அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைத்து ஓடுபாதைக்குள் நுழைந்து நின்றது. இறங்க வந்த ஏ350 அதன் மேல் மோதியது. ஏ350-இல் இருந்த 379 பேரும் உயிர் தப்பினார்கள், சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் போய்விட்டார்கள். கோபுரத்தில் எச்சரிக்கைத் திரை இருந்தது, அது காட்டவும் செய்தது. யார் கண்ணிலும் படவில்லை. அதற்குப் பிறகு அந்தத் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கத் தனி ஆள் போட்டார்கள்.

மனிதக் கண் களைக்கும். அதனால்தான் பிரிட்டனில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் மேசையில் உட்கார விடுவதில்லை, அரை மணி நேர ஓய்வு கட்டாயம். எட்டு மணி நேர வேலையில் பாதி நேரம் கோப்பி குடிக்கிறார்கள் என்று வெளியே பேசுவார்கள். குடிக்கட்டும்.

#16 தெம்பனிஸ்_மாமா

அப்போ இன்னொரு ஓடுபாதை போட்டால் தீர்ந்தது. மூன்றாவது ஓடுபாதைதான் 4 கிலோமீட்டருக்கு நீட்டியாயிற்றே. ஐந்தாம் முனையம் 2030-களின் நடுவில் வந்துவிடும் என்கிறார்கள். 2019-இல் சாங்கியில் 3,82,000 தடவை விமானம் ஏறி இறங்கியதாம், நாளைக்கு ஆயிரத்துக்கு மேல். இன்னொரு பாதை வந்தால் பாதிக்குப் பாதி கூடாதா?

#17 கடல்மைல்

ஓடுபாதை கூடினால் கூடும். ஆனால் இந்தத் தீவின் மேலே இருக்கிற வானம் கூடாதே மாமா. வடக்கே பத்து நிமிடப் பறப்புக்குள் மலேசியாவின் செனாய், தெற்கே இந்தோனேசியாவின் பாத்தாம், உள்ளே சிலேத்தார் என்று விமான நிலையங்கள், இன்னும் சில வருடத்துக்கு பாய லேபார் விமானத் தளம். எல்லோருக்கும் ஏற இறங்க வழி விட வேண்டும். சாங்கிக்கு வருகிறவர்களை நாம் வரிசைப்படுத்தும் வானத்தில் ஒரு பகுதி இந்தோனேசியாவுடையது. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி சாங்கியை ஒட்டியுள்ள பகுதியில் 37,000 அடிவரை விமானக் கட்டுப்பாட்டுச் சேவை தருவதை 25 வருடத்துக்கு சிங்கப்பூரிடமே விட்டிருக்கிறார்கள். பெரிய நாடுகளில் 50 மைல் நேர்கோட்டில் விமானங்களை அடுக்கி வைக்கலாம். இங்கே வளைத்து வளைத்துத்தான் அடுக்க வேண்டும்.

ஈசூன்வாசி திருச்சியில் உட்கார்ந்ததும் இதனால்தான். ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை இறக்க முடியும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, மிஞ்சுகிறவர்களைப் புறப்படும் ஊரிலேயே நிறுத்தி வைப்பார்கள். இன்ன நேரத்துக்கு முன் ஏறக் கூடாது என்று குறித்துக் கொடுத்துவிடுவார்கள். தரையில் காத்திருந்தால் எரிபொருள் மிச்சம், வானத்திலும் கூட்டம் குறையும்.

பிறகும் ஏன் வட்டம் என்றால், நீங்கள் சொன்ன காலை நேரத்தைப் பார்த்தால் சுமத்ரா ஸ்குவால் ஒன்று கடந்து போயிருக்க வாய்ப்பு உண்டு. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியலை ஒட்டி வரும் இடிமழை வரிசை. உங்கள் கண்ணுக்கு வானம் தெளிவாகத் தெரிந்திருக்கும், அது போய்ச் சேர்ந்த பிறகுதானே வந்தீர்கள். மின்னல் நேரத்தில் தரையில் வேலை செய்பவர்களை உள்ளே அழைத்துவிடுவார்கள். பெட்டி இறக்க ஆள் இல்லை, விமானம் நிற்கும் இடம் காலியாகவில்லை, இறங்கியவர்கள் போக இடமில்லாமல் கீழே வரிசை. மழை நின்ற பிறகும் அந்த முடிச்சு அவிழ ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நீங்கள் வட்டமடித்தது நைலான் என்றோ சாம்கோ என்றோ பெயர் வைத்த ஒரு புள்ளியைச் சுற்றியாக இருக்கும். ஆளுக்கு 1000 அடி வித்தியாசத்தில் ஒருவர் மேல் ஒருவராக அடுக்கி வைத்து, அடியில் இருப்பவரை உருவி உருவி அனுப்புவார்கள்.

#18 ஈசூன்வாசி

இவ்வளவு விளக்கமாகச் சொன்னதற்கு நன்றி அண்ணே. கடைசியாக ஒன்று. அப்படி வட்டமடித்துக்கொண்டே இருந்தால் எரிபொருள் தீர்ந்துவிடாதா? உள்ளே இருந்தபோது எனக்கு அந்த நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது, பாட்டியிடம் சொல்லவில்லை.

#19 வலப்பக்க_இருக்கை

தீராது. கிளம்பும்போதே கணக்கிட்டுப் போடுவது: சாங்கி வரை போக, சாங்கியில் இறங்க முடியாவிட்டால் பாத்தாமுக்கோ செனாய்க்கோ கோலாலம்பூருக்கோ போக, அதற்கு மேல் தொடவே கூடாத 30 நிமிட இருப்பு. வானிலை மோசமாக இருக்கும் என்று தெரிந்தால் கேப்டன் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்குவார். ஓர் ஏ320 வட்டமடித்தால் மணிக்கு இரண்டு டன்னுக்கு மேல் குடிக்கும், அதை நாங்கள் நிமிடக் கணக்கில் பார்த்துக்கொண்டிருப்போம்.

இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கட்டுப்பாட்டாளர் சொன்னதும் கணக்குப் போடுவோம். தாங்காது என்றால் முன்னதாகவே வேறு ஊருக்குத் திரும்பிவிடுவோம். இங்கேயே இறங்குவது என்று முடிவு செய்துவிட்டு, இனி தாமதம் கூடினால் அந்த 30 நிமிட இருப்பில் கை வைக்க நேரும் என்ற நிலை வந்தால் 'மினிமம் ஃபூயல்' என்று சொல்வோம். அதனால் முன்னுரிமை கிடைக்காது, அவர்களுக்கு ஒரு தகவல். இருப்பைத் தொட்டே ஆக வேண்டும் என்று தெரிந்துவிட்டால்தான் 'மேடே ஃபூயல்'. அப்போது கடல்மைல் அண்ணன் மாதிரி ஆட்கள் வரிசை முழுவதையும் ஒதுக்கிவிட்டு நம்மை முதலில் இறக்குவார்கள். அன்றைக்குக் கேப்டன் உங்களிடம் 'டிராஃபிக்' என்று மட்டும் சொன்னார் என்றால், உள்ளே நிலைமை அதற்கு எவ்வளவோ முந்தியே இருந்திருக்கும்.